கொழும்பில் ஏறி, தெய்வேந்திரமுனை சுற்றி: ஒரு தேர்ட் மேட்டின் குறிப்புப் புத்தகம்

முதலாம் நாள்: கோட்டை

வணிகக் கப்பலில் அதிகாரியாக இருந்தது கொஞ்சக் காலம்தான். ஆனால் அப்போது எழுதிய குறிப்புப் புத்தகம் கிறீஸ் கறையோடு இன்னும் மேசையில் கிடக்கிறது. கொழும்பில் முதல் தடவை கப்பல் ஏறப்போகும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று, அதிலிருந்து ஐந்து நாளை எடுத்து, இன்றைய விதிகளுக்கு ஏற்றபடி திருத்தி, நாளுக்கு ஒன்றாக இடுகிறேன். காலம் ஜூன், சோளகக் காற்று அடிக்கும் மாதம். கப்பல் நடுத்தரக் கொள்கலன் கப்பல். பதவி தேர்ட் மேட், அதாவது மூன்றாம் அதிகாரி. என் சொந்தக் கதையை விட்டுவிட்டு வேலையை மட்டும் எழுதுகிறேன்.

காலை கோட்டையில் ஏஜென்ட் கந்தோர். கையில் இருக்க வேண்டியவை: கடவுச்சீட்டு, கடலோடிப் புத்தகம் (எல்லோரும் சொல்வது சீ.டி.சி.), தகைமைச் சான்றிதழ், ஜீ.எம்.டீ.எஸ்.எஸ். வானொலிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை, அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள். இவற்றோடு, கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாடு உங்கள் சான்றிதழை ஏற்றுக்கொண்டதற்கான ஒப்புதல். இந்த ஒப்புதல் கைக்கு வரத் தாமதமானால், விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொண்டு அதிகபட்சம் 3 மாதம் வேலை செய்யலாம். அத்தாட்சி கப்பலிலேயே இருக்க வேண்டும், மின்னஞ்சலில் எங்கோ கிடந்தால் பரிசோதகரிடம் எடுபடாது.

கடதாசிகளில் பெரும்பாலும் பிழைப்பது திகதிதான். மருத்துவச் சான்றிதழ் 2 வருடம் செல்லும். தீயணைப்பு, உயிர்காப்புப் பயிற்சிகளை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஏறும் நாளில் எல்லாம் சரியாக இருக்கும். ஐந்தாம் மாதம் நடுக்கடலில் ஒன்று முடிந்துவிடும். ஒரே தாளில் எல்லா முடிவுத் திகதிகளையும் எழுதுங்கள். ஒப்பந்த மாதங்களைக் கூட்டுங்கள், அதற்கு மேல் இன்னும் இரண்டு மாதம் சேருங்கள். ஏனெனில் மாற்றாள் வரத் தாமதமாவது இந்தத் தொழிலில் வழமை. அந்தக் கடைசித் திகதிக்கு முன்னர் முடியும் எந்தச் சான்றிதழையும் கொழும்பில் இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள்.

அடுத்தது வேலை ஒப்பந்தம். அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரம், லீவுச் சம்பளம் மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா, திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில், எந்த விமான நிலையம் வரை என்று பாருங்கள். ஒன்றை வலியுறுத்திச் சொல்லவேண்டும். 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சாசனப்படி, வேலை எடுத்துத் தருவதற்காகக் கடலோடியிடம் காசு வாங்கக் கூடாது. கடவுச்சீட்டு, சீ.டி.சி., மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றுக்கான செலவை மட்டும் அவர் தலையில் போடலாம். விசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது. "கம்பனிக்குக் கொடுக்கவேண்டும், உள்ளே ஆள் இருக்கிறார்" என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நகையை அடகு வைத்துக் காசு கொடுத்து, இல்லாத கப்பலுக்காக லொட்ஜில் படுத்துக் கிடந்த பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

கப்பல் இரண்டு நாள் பிந்தும் என்றார்கள். முந்திய துறைமுகத்தில் பாரந்தூக்கி வேலை இழுபட்டால், இங்கே ஒதுக்கிய ஜெட்டி நேரம் கைமாறிவிடும். பிறகு அடுத்த இடைவெளிக்காகக் கப்பல் வெளியே நங்கூரத்தில் நிற்கும்.

சதாம் வீதியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் போகும் வழியில் அண்ணாந்து பாருங்கள். 1857 இல் மணிக்கூடாகக் கட்டியதை 1867 இல் வெளிச்சவீடாகவும் ஆக்கினார்கள். சுற்றிலும் கட்டடம் உயர்ந்து கடலிலிருந்து விளக்கு மறைந்ததால் 1952 இல் அதை அணைத்துவிட்டு, கரையோரத்தில் இப்போதுள்ள காலி பக் வெளிச்சவீட்டைக் கட்டினார்கள். கரையில் நாளுக்கு நாள் கட்டடம் முளைக்கும்போது, நேற்று திசைகோள் எடுத்த (கப்பலிலிருந்து திசையை அளந்த) அடையாளம் இன்று கிடைக்காமல் போகலாம் என்பதற்கு இந்தக் கோபுரமே சாட்சி. 

இரண்டாம் நாள்: புறக்கோட்டையும் காலிமுகத்திடலும்

காத்திருக்கும் நாளில் சாமான் வாங்கலாம். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் எல்லாம் கிடைக்கும், ஆனால் கப்பலுக்கு ஆகாததும் கிடைக்கும். வேலை உடுப்பு பருத்தியாக இருக்க வேண்டும். நைலோன் கலந்தது நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிவிடும். பாதுகாப்புச் சப்பாத்தை அரை அளவு பெரிதாக எடுங்கள், இரும்புத் தளத்தில் நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும். தலையில் மாட்டும் டோர்ச் ஒன்று, அதில் சிவப்பு வெளிச்சமும் இருந்தால் நல்லது. இரவில் பாலத்தில் (கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில்) வெள்ளை வெளிச்சம் போட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். 2பி பென்சில் ஒரு பெட்டி, மென்மையான அழிறப்பர். வரைபடத்தில் கடினப் பென்சில் தாளைக் கீறிவிடும். சட்டைப்பைக்குள் அடங்கும் தடித்த அட்டைக் குறிப்புப் புத்தகம் இரண்டு.

இரண்டாம் குறுக்குத் தெருவின் சிவப்பு வெள்ளைச் சம்மாங்கோட்டுப் பள்ளியை அந்தக் காலத்து மாலுமிகள் கொழும்புக்கு அடையாளமாகக் கண்டுகொண்டார்கள் என்று சொல்வார்கள். இன்று கடலிலிருந்து முதலில் தெரிவது சுமார் 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம். ஆனால் உயரமான கோபுரம் ஒன்றே போதும் என்று திசைகோள் எடுக்கக்கூடாது. வரைபடத்தில் திசைகோள் கோடுகள் வெட்டும் இடம்தான் கப்பலின் நிலை. ஒரே பக்கத்தில் நெருங்கி நிற்கும் இரண்டு அடையாளங்களின் கோடுகள் மிகச் சிறிய கோணத்தில் வெட்டும், அரைப் பாகைப் பிழைகூட நிலையைத் தூரமாகத் தள்ளிவிடும். இரண்டு கோட்டுக்கு இடையில் 90 பாகைக்குக் கிட்டவும், மூன்று என்றால் 60 பாகைக்குக் கிட்டவும் இருக்கும்படி தெரிவு செய்யுங்கள்.

பின்னேரம் காலிமுகத்திடல். எல்லோரும் இறால் வடை தின்னும் இடத்தில் நின்று அலையை எண்ணுங்கள். ஒரு அலை முகடு கல்லில் மோதியதிலிருந்து அடுத்தது மோதும் வரை எத்தனை செக்கன்? பத்து அலை எண்ணிப் பத்தால் பிரியுங்கள். 5, 6 செக்கன் வந்தால் அது பக்கத்துக் காற்று எழுப்பிய அலை. 12, 14 செக்கன் வந்தால் அது தென் சமுத்திரத்தில் எங்கோ பிறந்து வந்த நீண்ட அலை. உயரம் குறைவாக இருந்தாலும் இந்த நீண்ட அலைதான் அலைதடுப்பைச் சுற்றி வளைந்து உள்ளே வரும். கட்டியிருக்கும் கப்பலை முன்னும் பின்னுமாக மெதுவாக இழுக்கும், கயிறு அறுபடுவதும் இதனால்தான். நாலாம் நாள் குறிப்பில் இது வரும்.

அலைதடுப்பு இல்லாத காலத்தில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் காலிக்குத்தான் போயின. இங்கே திறந்த கடலில் நங்கூரமிட்டுப் படகில் சரக்கு இறக்க வேண்டும், சோளகத்தில் அது நடக்காது. தென்மேல் அலைதடுப்புக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் (பிறகு ஏழாம் எட்வேர்ட்) கல் வைத்தார், 1885 இல் வேலை முடிந்தது. கொழும்பு கொழும்பானது அந்தக் கல்லால்தான் என்பேன். தெற்குத் துறைமுகத்துக்காக 5 கிலோமீற்றருக்கு மேல் நீளமான புதிய அலைதடுப்பு 2012 இல் முடிந்து, அடுத்த வருடம் 18 மீற்றர் ஆழ முனையத்தில் கப்பல் கட்டத் தொடங்கினார்கள். இதற்குத் தெற்கே 269 ஹெக்டெயர் கடலை நிரப்பித் துறைமுக நகரம் எழுந்தது. பழைய வரைபடத்தில் நீலமாக இருந்த இடம் இன்று மணல். வரைபடத்தைத் திருத்தாமல் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதைத் திடலில் நின்றே பார்க்கலாம்.

மூன்றாம் நாள்: ஏறுதல்

துறைமுக வாசலில் அனுமதி, தலைக்கவசம், ஒளிரும் அங்கி. ஜெட்டியில் நடக்கும்போது மஞ்சள் கோட்டுக்கு உள்ளே மட்டும். பாரந்தூக்கியின் கால்களுக்கு நடுவே குறுக்கு வழி பிடிக்கவேண்டாம். கேங்வேயில் (கப்பலுக்கு ஏறும் படிக்கட்டில்) பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள், இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், பெட்டியைக் கயிற்றில் ஏற்றச் சொல்லுங்கள். கேங்வே வலையும் வெளிச்சமும் மிதவை வளையமும் இருக்கிறதா என்று ஏறும்போதே பாருங்கள். நாளையிலிருந்து அது உங்கள் பொறுப்பு.

தேர்ட் மேட்டின் கையில் வருவது உயிர்காப்புச் சாதனங்களும் தீயணைப்புச் சாதனங்களும். இறங்கிப் போகிறவருக்கு விமானம் நாலு மணித்தியாலத்தில். அவர் பொறுப்பளிப்புத் தாளை நீட்டி "எல்லாம் சரி மச்சான், சைன் பண்ணு" என்பார். அவசரத்தில் போடும் அந்தக் கையெழுத்தோடு அவருடைய குறைகளும் உங்களுடையதாகிவிடும். பொருளைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே அந்த வரிக்கு எதிரே அடையாளமிடுங்கள். நேரம் போதாவிட்டால் "பார்க்கவில்லை" என்று அந்த வரியிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அவர் கோபிக்கமாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை.

நேரம் குறைவென்றால் எதை முதலில் பார்ப்பது? என் ஒழுங்கு இது: உயிர்காப்புத் தெப்பம், உயிர்காப்புப் படகின் இயந்திரம், சுவாசக் கருவி, அதன் பிறகு மற்றவை.

தெப்பத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். வெள்ளைப் பீப்பாய் போன்ற கூடு, அதைத் தொட்டிலோடு இறுக்கும் பட்டி, பட்டியின் முனையில் கொக்கி, கொக்கி கோத்திருக்கும் உள்ளங்கை அளவான வட்டப் பிளாஸ்டிக் துண்டு. அதுதான் நீரழுத்த விடுவிப்பான், கப்பலில் எச்.ஆர்.யூ. என்பார்கள். கப்பல் மூழ்கும்போது 1.5 முதல் 4 மீற்றர் ஆழத்துக்குள், தண்ணீரின் அழுத்தம் உள்ளே இருக்கும் கத்தியை விடுவிக்கும், கத்தி வெள்ளைக் கயிற்று வளையத்தை வெட்டும், பட்டி விலகும், கூடு மேலே மிதந்து வரும். கூட்டிலிருந்து வரும் நீளக் கயிறு இழுபட்டுத் தெப்பம் ஊதும். கடைசியாக, அந்தக் கயிற்றின் முனையில் உள்ள மெல்லிய சிவப்பு இணைப்பு அறும், தெப்பம் கப்பலை விட்டுப் பிரியும். கயிறு கப்பலோடு போய்ச் சேரவேண்டியது அந்தச் சிவப்பு இணைப்பின் வழியாகத்தான். யாரோ "நல்லா இறுக்கிக் கட்டினால் பாதுகாப்பு" என்று நினைத்து, கயிற்றை நேரே தொட்டில் இரும்பில் கட்டிவைத்திருப்பார். அப்படியென்றால் ஊதிய தெப்பத்தைக் கப்பல் தன்னோடு அடிக்கு இழுத்துக்கொண்டு போகும். இதைவிட மோசமான ஒரு முடிச்சு கப்பலில் வேறெங்கும் இல்லை. பாவித்துத் தள்ளும் வகை விடுவிப்பானின் ஆயுள் 2 வருடம், முடிவு மாதமும் வருடமும் அதன் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். பெயின்ற் அடித்து அந்தக் குறியை மறைத்திருந்தால் அதை உடனே எழுதிவையுங்கள்.

படகின் இயந்திரத்தை இரண்டு பற்றரியிலும் மாறி மாறி ஸ்டார்ட் செய்யுங்கள். வாராவாரம் 3 நிமிடமாவது ஓடவேண்டும் என்பது விதி. பதிவுப் புத்தகத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரே பேனை, ஒரே கையெழுத்தாக "திருப்தி" என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். படகுக்குள் ஆபத்துச் சமிக்ஞைக்காகப் பரசூட் ரொக்கெட் 4, கைத்தீவட்டி 6, புகைமிதவை 2. பாலத்தில் ரொக்கெட் 12. உற்பத்தித் திகதியைப் பார்த்து ஏமாறவேண்டாம், பார்க்கவேண்டியது முடிவுத் திகதி.

புகைக்குள் போகும்போது அணியும் சுவாசக் கருவியில் அமுக்கமானியைப் பார்த்துவிட்டு விட்டால் போதாது. முகமூடியை அணிந்து, சிலிண்டரை மூடி, உள்ளே இருக்கும் காற்றை மெதுவாக இழுங்கள். முகமூடி முகத்தோடு ஒட்டவேண்டும், ஒட்டாவிட்டால் ஓரத்தில் கசிவு. முள் இறங்கி வரும்போது விசில் ஊதவேண்டும். தாடி உள்ளவருக்கு முகமூடி இறுக ஒட்டாது, அவரைத் தீயணைப்பு அணியின் முன்வரிசையில் போடாதீர்கள் என்று சீப் மேட்டிடம் (முதலாம் அதிகாரியிடம்) சொல்லுங்கள்.

தீயணைப்புக் குழாய்ப் பெட்டிகளைத் திறந்தால் அடிக்கடி காண்பது: முனைக்கருவி இல்லை, அல்லது திறப்புச் சாவி இல்லை, அல்லது வளையத்தின் றப்பர் காய்ந்து வெடித்திருக்கிறது. றப்பர் வளையம் சில்லறைச் சாமான். புறக்கோட்டையில் காலையில் சொன்னால் பின்னேரம் சப்ளையர் கொண்டுவந்து தருவார். கொழும்பை விட்டு வெளிக்கிட்ட பிறகு அதையே ஒரு கிழமை காத்திருந்து வாங்கவேண்டும்.

நாலாம் நாள்: ஜெட்டியில்

துறைமுகத்தில் பொதுவாக ஆறு மணித்தியாலம் வேலை, ஆறு மணித்தியாலம் ஓய்வு. எந்த 24 மணித்தியாலத்திலும் 10 மணித்தியால ஓய்வு, 7 நாளில் 77 மணித்தியாலம். ஓய்வை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக்கூடாது, ஒரு துண்டு 6 மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. கணக்குத் தாளில் உண்மையான நேரத்தை எழுதுங்கள். தூங்காத நேரத்தைத் தூங்கியதாக எழுதிப் பழகினால், ஆள் பற்றாக்குறை யார் கண்ணிலும் படாமலே போகும்.

கொழும்பில் பெரும்பகுதி இடமாற்றுச் சரக்கு. ஒரு கப்பலில் வந்த பெட்டி இன்னொன்றில் ஏறி இந்தியாவுக்கோ வளைகுடாவுக்கோ போகும். ஆகவே கடைசி நேரத்தில் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், கையிலிருக்கும் திட்டம் புதியதா என்று திரும்பத் திரும்பப் பாருங்கள். பெட்டி இருக்கும் இடம் ஆறு இலக்கம். முதல் இரண்டு நீளவாக்கில்: ஒற்றை எண் 20 அடி, இரட்டை எண் 40 அடி. நடு இரண்டு குறுக்கே: நடுவிலிருந்து வலப்பக்கம் ஒற்றை, இடப்பக்கம் இரட்டை. கடைசி இரண்டு உயரம்: கிடங்குக்குள் 02 இலிருந்து, தளத்தின் மேல் 82 இலிருந்து. ஆக 340782 என்றால் 40 அடிப் பெட்டி, வலப்பக்கம் நாலாவது வரிசை, தளத்தில் முதல் அடுக்கு.

பெட்டிகளை ஒன்றோடொன்று பூட்டுவது ட்விஸ்ட்லொக். கப்பலில் இடப்பக்கம் பூட்டுவதும் வலப்பக்கம் பூட்டுவதுமாக இரண்டு வகை கலந்துவிட்டால், கைப்பிடியைப் பார்த்து எது பூட்டியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வேறு வகை கண்டால் அப்போதே பொறுக்கித் தனித் தொட்டியில் போடுங்கள். இறக்கும்போது ஒரு மூலை பூட்டியபடியே இருந்தால், பாரந்தூக்கி கீழ்ப்பெட்டியையும் சேர்த்துத் தூக்கும், பிறகு அது நடுவழியில் கழன்று விழும். கடைசிப் பெட்டி ஏறியதும் பெட்டிகளைக் கட்டி இறுக்கும் லாஷிங் ஆட்கள் அவசரமாக இறங்கிவிடுவார்கள். நீங்கள் ஒவ்வொரு குறுக்குச் சந்திலும் நடந்து, இறுக்கியைக் கையால் ஆட்டிப் பார்த்து, தளர்வானதைச் சோக்கால் குறித்துக் காட்டினால்தான் திரும்ப ஏறுவார்கள்.

குளிர்ப்பெட்டியில் ஒரு சின்னக் குறி பெரிய நட்டம் தரும். பட்டியலில் −18 பாகை என்பதில் கழித்தல் குறி விடுபட்டு 18 என்று வந்துவிடும். உறைந்த மீன் 18 பாகையில் எவ்வளவு நேரம் தாங்கும்? பெட்டியின் திரையில் உள்ள எண்ணையும், பட்டியல் எண்ணையும், உள்ளே இருக்கும் சரக்கின் பெயரையும் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். செருகியை இழுக்க முன் சுவிட்சை அணைப்பது சட்டம். 440 வோல்ட் ஓடும்போது இழுத்தால் பொறி தெறித்துக் கை வெந்துவிடும்.

ஆபத்தான சரக்குப் பெட்டி ஏறும்போது தேர்ட் மேட் அங்கேயே நிற்கவேண்டும். நாலு பக்கமும் குறிச்சீட்டு இருக்கிறதா, அடியில் ஈரமோ மணமோ இருக்கிறதா, தரையில் கறை இருக்கிறதா? கொழும்பில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் ஒரு பெட்டியிலிருந்து நைத்திரிக் அமிலம் கசிந்தது. 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே நங்கூரத்தில் தீப்பிடித்தது, ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. நீர்கொழும்பு தொடங்கிக் கரையெங்கும் பிளாஸ்டிக் மணி ஒதுங்கியது, மீன்பிடிக்கத் தடை போட்டார்கள், கரைவலை இழுப்போர் வீட்டில் இருந்தார்கள். ஏற்றும்போதே கண்ட கசிவைத் திருப்பி அனுப்பலாம். ஏறிய பிறகு அதை இறக்க இன்னொரு துறைமுகம் சம்மதிக்கவேண்டும். அதனால் ஜெட்டியில் நின்று "இந்தப் பெட்டியை நிறுத்துங்கள்" என்று சொல்லும் அந்த அரை நிமிடத்துக்கு வெட்கப்படாதீர்கள்.

மத்தியானம் வாளியில் கடல் நீர் எடுக்கும் வேலை. கொழும்பில் இது சடங்கல்ல. களனி கங்கை முகத்துவாரத்தில், துறைமுகத்துக்குச் சற்று வடக்கே கடலில் விழுகிறது. மழைக் காலத்தில் துறைமுகத்து நீரின் அடர்த்தி கடல் நீரின் 1.025 இலிருந்து குறையலாம். வாளியை அதே நீரில் மூன்று தடவை அலசி, கப்பல் கழிவு நீர் விடும் துவாரத்துக்குத் தள்ளி, முன், நடு, பின் மூன்று இடத்தில் எடுங்கள். ஹைட்ரோமீற்றரை மெதுவாகச் சுழற்றி விடுங்கள், குமிழி ஒட்டியிருந்தால் பொய் சொல்லும். நீர் மட்டத்துக்குக் கண்ணை இறக்கி வாசியுங்கள். 1.015 வந்தது என்று வைத்துக்கொள்வோம். கப்பலின் நன்னீர் ஈடு (கடல் நீரைவிட நன்னீரில் கூடுதலாக மூழ்கும் அளவு) 280 மில்லிமீற்றர் என்றால், 280 ஐ 10 ஆல் பெருக்கி 25 ஆல் பிரிக்க 112 மில்லிமீற்றர். வெளிக் கடலுக்குப் போனதும் கப்பல் 11 சென்ரிமீற்றர் மேலே வரும். இந்த எண் தெரியாவிட்டால், ஜெட்டியில் மூழ்கு ஆழம் கூடிவிட்டது என்று பயந்து ஏற்றவேண்டிய பெட்டியைச் சீப் மேட் கரையில் விட்டுவிடக்கூடும்.

இரவு கயிறு. கொழும்பில் நீர் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்குள்தான். ஆகவே கயிறு தளர்வதும் இறுகுவதும் பெரும்பாலும் சரக்கு ஏறி இறங்குவதாலும் நீண்ட அலையாலும். கயிறு சுற்றும் வின்ச்சைத் தானாக இழுக்கும் நிலையில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். அலை இழுக்க இழுக்க ஒரு பக்கம் கயிறு விடும், மற்றப் பக்கம் சுற்றும், கப்பல் கொஞ்சம் கொஞ்சமாக ஜெட்டி வழியே நடந்துபோய்விடும். பிரேக்கில் வையுங்கள். பிரேக் கயிற்றின் அறுபடும் பலத்தில் 60 சதவீதத்தில் வழுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும், கயிறு அறும் முன்னர் பிரேக் விடவேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரே திசையில் போகும் கயிறுகள் ஒரே பொருளாக, கிட்டத்தட்ட ஒரே நீளமாக இருக்கட்டும். நைலோனும் பொலிபுரொப்பிலீனும் பக்கத்தில் பக்கத்தில் போனால், இழுபடாதது முழுப் பாரத்தையும் தனியே வாங்கி முதலில் அறும். பிறகு அடுத்தது. இறுகிய நைலோன் அறும்போது சத்தம் கேட்டு விலகும் முன்னரே அடி விழுந்துவிடும். தளத்தில் பெயின்ற் கோட்டுக்குள் நின்றால் ஆபத்து, வெளியே நின்றால் பாதுகாப்பு என்று நம்பவேண்டாம். உருளையைச் சுற்றி வளைந்து வரும் கயிறு எந்தத் திசையிலும் வீசும்.

ஐந்தாம் நாள்: வெளிக்கிடுதல்

புறப்பட முன் 12 மணித்தியாலத்துக்குள் சுக்கானைச் சோதிக்கவேண்டும். ஒரு பக்கம் 35 பாகையிலிருந்து மறுபக்கம் 30 பாகைக்கு 28 செக்கனுக்குள் போகவேண்டும், நிறுத்தற்கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். கொடிகள் உங்கள் வேலை. இலங்கைக் கொடி வலப்பக்கக் கயிற்றில். சிங்கம் பச்சை, செம்மஞ்சள் பட்டிகளைப் பார்த்திருக்கும், அந்தப் பட்டிகள் கயிற்றுப் பக்கம், வாள் மேலே. வெளிநாட்டுக் கடலோடிகள் இதைத் தலைகீழாக ஏற்றிவிடுவதுண்டு.

பைலட் (துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டுபவர்) இறங்கும் ஏணியைப் போசன் (தளத் தொழிலாளரின் தலைவர்) கட்டியிருந்தாலும் கீழே இறங்கிப் பார்ப்பது தேர்ட் மேட். படிகளுக்கு இடையே 31 முதல் 35 சென்ரிமீற்றர், எல்லாம் சமமாக. கீழ் நாலு படி றப்பர். ஐந்தாவது படி 1.8 மீற்றர் நீளக் குறுக்குப் பலகை, ஏணி முறுக்காமல் அதுதான் காக்கும். பக்கக் கயிறுகளைத் தளத்துக் கண்ணியில் உருள் முடிச்சால் கட்டவேண்டும். படியைக் கப்பல் விளிம்பில் மாட்டி ஏணியைத் தொங்கவிடுவதும், பக்கக் கயிற்றை ஷக்கிள் எனும் இரும்பு வளையத்துக்குள் கோத்து இறுக்குவதும் தவறு. படியின் ஆப்பு பிதுங்கி ஏணியே கழன்றுவிடும். நீரிலிருந்து தளம் 9 மீற்றருக்கு மேல் இருந்தால் ஏணி மட்டும் போதாது, பக்கப் படிக்கட்டோடு சேர்த்து அமைக்கவேண்டும், படிக்கட்டின் சாய்வு 45 பாகையைத் தாண்டக்கூடாது. சோளகத்தில் பைலட் படகு ஒரே அலையில் இரண்டு மீற்றர் ஏறி இறங்கும். ஏணியின் கால் படகுக்குள் சிக்கினால் மனிதர் நொறுங்கிப்போவார். காற்றுக்கு மறைவான பக்கத்தில் ஏணி, படகு கேட்ட உயரத்தில் ஏணியின் கால். கப்பல் வேகத்தையும் படகோட்டியிடமே கேளுங்கள்.

பைலட் போனதும், அவர் கப்பலில் இருப்பதைக் காட்டும் எச் கொடி இறங்கும். வெளியே வந்த முதல் ஒரு மணித்தியாலம் மீன்பிடிப் படகுகள் நெருக்கமாக நிற்கும். ராடரில் பைபர் படகு அலைகளின் எதிரொலிக்குள் மறையும், அந்த எதிரொலியைக் குறைக்கும் அலை அடக்கியைக் கூட்டினால் படகும் அழிந்துபோகும். ஆகவே அலை அடக்கியைக் கொஞ்சம் குறைத்து வைத்து, கண்ணையும் தொலைநோக்கியையும் நம்புங்கள். பலநாள் படகுகளுக்கு வலையின் தூர முனையில் சின்னத் தீபம் இருக்கும். படகைக் கண்டால் வலை எந்தப் பக்கம் என்று அந்தத் தீபத்தைத் தேடி, படகுக்கும் தீபத்துக்கும் நடுவே போகாமல் சுற்றுங்கள். ஒரு வலை கிழிந்தால் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு போய்விடும், கப்பல் அதை உணர்வதுகூட இல்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டு மணிக்கு 16 கடல்மைல் வேகத்தில் தெற்கே இறங்கினால், பேருவளையையும் காலியையும் இடப்பக்கம் விட்டு, தெய்வேந்திரமுனைக்கு வரும்போது இரவு ஒன்பதரை அளவில் ஆகும். தேர்ட் மேட்டின் எட்டு முதல் பன்னிரண்டு வரையான காவல் அது. இங்கே கப்பல் வழிகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மேற்கே போகிறவர்கள் கரைப்பக்க வழியில், கிழக்கே போகிறவர்கள் தெற்கு வழியில். சிங்கப்பூருக்குப் போகும் நீங்கள் கொழும்பிலிருந்து வரும்போது, செங்கடலை நோக்கிப் போகும் வரிசையைக் குறுக்கே கடந்துதான் உங்கள் வழிக்குள் நுழையவேண்டும். அவர்கள் இடப்பக்கத்திலிருந்து வருவார்கள், நீங்கள் அவர்களுக்கு வலப்பக்கம். விதிப்படி வழிவிட வேண்டியவர் அவர். அதைத் தாண்டியதும், மேற்கிலிருந்து கிழக்கே போகிறவர்கள் உங்கள் வலப்பக்கத்தில் வருவார்கள். இப்போது வழிவிட வேண்டியவர் நீங்கள். அரை மணித்தியாலத்துக்குள் பொறுப்பு தலைகீழாக மாறும் இடம் இது. வழிக்குள் அதன் மேற்கு முனையிலிருந்து நுழையுங்கள். பக்கத்திலிருந்து நுழைய வேண்டிவந்தால் ஓட்டத்தின் திசையோடு மிகச் சிறிய கோணத்தில் சேருங்கள். கப்டனை எழுப்ப வேண்டிய தூரம் இரவுக் கட்டளையில் எழுதியிருக்கும். அந்தத் தூரத்துக்கு முன்னரே எழுப்பியதற்காக எந்தக் கப்டனும் திட்டமாட்டார்.

இந்த வழி நீலத் திமிங்கிலங்கள் உணவெடுக்கும் கடலின் மேலேதான் போகிறது. மிரிஸ்ஸையில் சுற்றுலாப் படகுகள் அவற்றைத் தேடிப் போவது இதே நீரில். சில பெரிய நிறுவனங்கள் தாமாகவே இன்னும் தெற்கே தள்ளிப் போகின்றன. எல்லோரும் அப்படிப் போகவேண்டும் என்பது என் கருத்து. கூடுகிற சில மைலுக்கு ஆகும் எண்ணெய் ஒரு திமிங்கிலத்தை விடப் பெரிதல்ல, சிறு படகுகளுக்கும் அது பாதுகாப்பு.

தெய்வேந்திரமுனையில் 1889 இல் கட்டிய 49 மீற்றர் வெளிச்சவீடு, இலங்கையிலேயே உயரமானது, இடப்பக்கம் சுழன்றுகொண்டிருக்கும். அதன் திசைகோளை எடுத்து, ராடர் தூரத்தையும் எடுத்து, ஜீ.பீ.எஸ். காட்டும் நிலையோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துவந்தால் வரைபடத்தில் குறியுங்கள்.

11.45க்கு செகண்ட் மேட் பாலத்துக்கு வருவார். அவர் கண் இருட்டுக்குப் பழகும் வரை ஒன்றும் ஒப்படைக்காதீர்கள். பிறகு நிலை, திசை, வேகம், கைரோத் திசைகாட்டியின் பிழை, பக்கத்தில் உள்ள கப்பல்கள், வலைத் தீபங்கள் கண்ட இடம், கப்டனின் கட்டளை. ஏதாவது ஒரு கப்பலுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தால், அது முடிந்து கடந்து போகும் வரை காவல் உங்களுடையதுதான். அவர் "எனக்கு" என்று வாயால் சொன்ன பிறகு நேரத்தை எழுதி, பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து. கீழே போகும் வழியில் தெப்பத்தின் அருகே நின்று, விடுவிப்பானையும் சிவப்பு இணைப்பையும் டோர்ச் அடித்து ஒருமுறை பாருங்கள்.